கத்தி கேட்டால் அருவாள் வருகிறது!

தோட்டத்துக்கும் கடைக்கும் வீட்டுக்கும் பொதுவாக ஒரு மடக்காத கத்தி, மல்லாங்கிணற்றுப் பட்டறையிலேயே அடிக்கப் போகிறோம், எப்படி இருக்கலாம் என்று எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த யோசனைகளை எல்லாம் சேர்த்து ஒரே கத்தியாக அடித்தால் அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். எனவே இந்த இதழ் முழுக்கக் கத்திதான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை.

கே: தேங்காய் வெட்டணும், சீமைக்கருவேலங் கொப்பு கழிக்கணும், கொடைக்கு ஆட்டுத்தலை பிளக்கணும், இடுப்பிலயும் செருகிக்கிடணும். அப்படி ஒரு கத்தி அடிக்க முடியுமா? (கரிமூட்டம் போடுபவர், மல்லாங்கிணறு)

ப: அண்ணாச்சி, நீங்கள் கேட்பதை எப்போதோ அடித்துவிட்டார்கள். அதற்கு அருவாள் என்று பெயர். திருப்பாச்சேத்தியில் கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள்.

ஓங்கி வெட்டுவது ஒரு வேலை, இழுத்து அறுப்பது வேறு வேலை. வெட்டுக்கு முன்பக்கம் கனம் வேண்டும், அறுப்புக்கு மெலிசு வேண்டும். இரண்டையும் ஒரே இரும்பில் கேட்டால் இரண்டுக்கும் உதவாத ஒன்றுதான் வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை நம் கை உண்மையில் என்ன செய்கிறது? மல்லிச்சாக்கின் தையலைப் பிரிக்கிறது, உரமூட்டையைக் கிழிக்கிறது, சொட்டுநீர்க் குழாயை நறுக்குகிறது, கயிறு அறுக்கிறது, மாங்காயைக் கீறுகிறது, பேரனுக்குப் பென்சில் சீவுகிறது. ஆட்டுத்தலை வருஷத்துக்கு எத்தனை நாள்?

அமெரிக்காவில் ஹோரேஸ் கெப்ஹார்ட் என்று ஒரு நூலகர் இருந்தார். வேலையை விட்டுக் காட்டுக்குள் போய் வாழ்ந்த மனிதர். 1906-ல் காட்டு வாசம் பற்றி எழுதிய புத்தகத்தில், அன்றைய அலங்கார வேட்டைக் கத்திகளைக் கிண்டல் செய்துவிட்டு, தனக்குப் பிடித்த கத்தியின் கணக்கைக் கொடுத்தார்: அலகு நாலரை அங்குலம், பிடியும் நாலரை அங்குலம், முனை அகலம், குத்துவாள் போலக் கூர்மை இல்லை. நூற்றாண்டு தாண்டியும் அந்தக் கத்தியை அவர் பெயரிலேயே அடித்து விற்கிறார்கள். சுவீடனின் மோரா ஊர்க் கத்தியும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்: குட்டை அலகு, வழவழ மரப்பிடி. நம் கத்தியும் அந்த ஜாதி. அலகு 4 அங்குலம், அகலம் 1 அங்குலம். தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

கே: லாரி வில்பட்டையில் அடித்தால் முதுகு 6 மில்லிமீட்டர் கனம் நிற்கும். அப்படியே விட்டால் ஆயுசுக்கும் உடையாதே? (ஒர்க்ஷாப் வைத்திருப்பவர், காரியாபட்டி)

ப: உடையாது. அறுக்கவும் அறுக்காது. பட்டை 6 மில்லிமீட்டர் என்பதால் கத்தியும் 6 மில்லிமீட்டர் என்பது சம்மட்டி தூக்கச் சோம்பல்படுகிறவர்கள் சொல்லும் நியாயம். அந்தக் கனத்தோடு கேரட்டில் இறக்கினால் பாதி வழியிலேயே ஆப்பு மாதிரி பிளந்துகொண்டு போகும். முதுகில் 3 மில்லிமீட்டர், அங்கிருந்து விளிம்பு வரை சீராக இளைக்க வேண்டும். அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை முழு அகலத்தில் ஓட வேண்டும். பலம் அங்கேதான் இருக்கிறது.

கே: முதுகில் ரம்பப்பல் வைக்கலாமா?

ப: கட்டைவிரலை எங்கே வைப்பீர்கள்?

கே: எங்க வீட்டு அருவாமனையே போதும். எதுக்கு இந்த ஆம்பளைங்க விளையாட்டு? (இல்லத்தரசி, மல்லாங்கிணறு)

ப: அக்கா, மடங்காத கத்தி, நிலையான கத்தி என்று இங்கே பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அருவாமனையை விட நிலையான கத்தி உலகத்தில் ஏது? கத்தி அசையாது, காய்தான் போய் வரும். இரண்டு கையும் காய்க்குக் கிடைக்கும். அதை மிஞ்சும் யோசனை எந்தக் கடிதத்திலும் இல்லை. ஒரே குறை, இடுப்பில் செருக முடியாது.

கே: பட்டாசு ஆலை வேலைக்குப் போகிறேன். திரி வெட்ட இந்தக் கத்தியைக் கொண்டுபோகலாமா? (சிவகாசிப் பக்கமிருந்து)

ப: கூடாது. இந்தப் பதிலில் சிரிப்பு கிடையாது தம்பி.

மருந்து புழங்கும் அறைக்குள் இரும்புக் கருவியே ஆகாது. மரம், பித்தளை, செம்பு என்று பொறி பறக்காத பொருளில்தான் எல்லாமே. செருப்பின் அடியில் இரும்பு ஆணி இருந்தாலும் வாசலோடு சரி. எஃகு கல்லில் உரசும்போது தெறிப்பது எரிந்துகொண்டே பறக்கும் இரும்புத் துணுக்கு. கருமருந்துக்கு அது ஒன்று போதும். பித்தளை அப்படி எரிந்து தெறிக்காது. அதற்காகப் பித்தளைக் கத்திதானே என்று அழுத்தித் தேய்க்கவும் கூடாது. பொறியே இல்லாமல் உராய்வுக்கே பற்றிக்கொள்ளும் கலவைகளும் உண்டு.

சரி, பித்தளையிலேயே ஒன்று அடித்துத் தாருங்கள் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். எஃகைக் காய்ச்சி முக்கினால் இறுகும். பித்தளையைக் காய்ச்சி முக்கினால் இளகித்தான் போகும். அதன் விளிம்பைக் காய்ச்சாமல் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் இறுக்க முடியும். சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்ட வேண்டும். அங்கே தேவை கூர்மைக்கு முன்னால் உயிர். ஆலை கொடுக்கும் கருவியை மட்டும் எடுங்கள். நம் கத்தி வீட்டில் இருக்கட்டும்.

கே: அலகு மேல் அலையலையாகக் கோலம் ஓடும் டமாஸ்கஸ் எஃகில் செய்தால் கெத்தாக இருக்குமே? (கணினி வேலைக்காரர், சென்னை, சொந்த ஊர் மல்லாங்கிணறு)

ப: கெத்தாகத்தான் இருக்கும். இன்று அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பாலானது இரண்டு வகை எஃகை அடுக்கி, அடித்து ஒட்டி, அமிலத்தில் நனைத்துக் கோடு எழுப்பியது. பழைய டமாஸ்கஸ் வாள்களின் கோடு வேறு. அந்த வாள்களுக்காக, மூசையில் உருக்கிய எஃகுக் கட்டி தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிப் போயிருக்கிறது. மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்தில் பெயர் வாங்கும் முன்பே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரரோடு சேர்ந்து 1820 வாக்கில் அந்த எஃகைச் சோதித்து மண்டையை உடைத்துக்கொண்டார். அலுமினியம் கலந்திருப்பதுதான் அதன் குணத்துக்குக் காரணமோ என்றுகூட நினைத்தார். உண்மையில் அதில் செறிந்திருந்த கார்பன் செய்த வேலை அது.

நம் மூதாதையர் எஃகைப் பற்றிப் பெருமைப்படுங்கள் தம்பி. ஆனால் மல்லிச்சாக்கு கோலம் பார்த்துப் பிரியாது.

கே: எங்க அப்பா வாங்கிய கத்தி கல்லில் பட்டால் பல் விழும். நான் வாங்கியது முருங்கைக்காய்க்கே மடங்கும். எது குறை? (விவசாயி, மல்லாங்கிணறு)

ப: இரண்டிலும் தோய்ச்சல் குறை, அதாவது காய்ச்சி முக்கிப் பதமாக்கியதில் குறை. வந்த கடிதங்களிலேயே உருப்படியான கேள்வி இது. மற்றவர்கள் வடிவத்தைப் பற்றியே எழுதினார்கள். வடிவத்தை யார் வேண்டுமானாலும் வரையலாம்.

அலகைக் காந்தம் ஒட்டாத சூட்டுக்கு, அதற்குக் கொஞ்சம் மேலேயே, காய்ச்ச வேண்டும். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அந்தியில் காய்ச்சினால் நிறம் சரியாகத் தெரியும், உச்சிவெயிலில் கண் ஏமாற்றும். பிறகு முக்குவது. லாரிப் பட்டை எஃகுக்குத் தண்ணீர் முரட்டு வைத்தியம், கீறல் விடலாம். லேசாகச் சூடாக்கிய எண்ணெய் போதும். விருதுநகர்க்காரர்களுக்கு எண்ணெய்க்கா பஞ்சம்? இப்போது விளிம்பில் அரம் போட்டால் பிடிக்காமல் வழுக்கும். பல பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் அப்பா கத்தி அந்த ரகம், மிஞ்சிய இறுக்கம். தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். மேலே வைக்கோல் நிறம் ஓடும்போது நிறுத்திவிட வேண்டும். நீலம் வரை விட்டால் அது வில்லுக்கு ஆகும், விளிம்புக்கு ஆகாது. உங்கள் கத்தி அதையும் தாண்டி இளகியது. அல்லது தோய்ச்சலே பார்க்காதது.

வாங்கும்போது சோதிக்க ஒரு பித்தளைக் கம்பி போதும். விளிம்பைச் சாய்வாகக் கம்பியில் அழுத்துங்கள். லேசாக வளைந்து தானே நிமிர்ந்தால் நல்ல கத்தி. சில்லு விட்டால் அப்பா கத்தி, வளைந்தபடி நின்றால் உங்கள் கத்தி.

கே: பிடிக்கு என்ன மரம்? பிளாஸ்டிக் வேண்டாம்.

ப: ஊரே சபிக்கும் சீமைக்கருவேலம். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்ட அதே மரம். வைரம் பாய்ந்த அடிக்கட்டையை நிழலில் நன்றாக உலர்த்தினால் கெட்டியாக இருக்கும், மழைக்கும் வெயிலுக்கும் அதிகம் சுருங்கி விரியாது. உலைக்கரியும் அதுதான். நாட்டுக் கருவேலம் கிடைத்தால் அதுவும் உசத்தி. மேலே வார்னிஷ் வேண்டாம், வியர்த்த கையில் வழுக்கும். எண்ணெய் தடவினால் போதும்.

கே: போலீஸ் பிடிக்காதா?

ப: 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருகின்றன. வீடு, விவசாயம், தொழில் இவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நம்முடையது 4 அங்குலம். அதற்காகத் திருவிழாக் கூட்டத்திலும் பஸ்ஸிலும் இடுப்பில் வைத்துக்கொண்டு விதி எண் சொல்லாதீர்கள், ஏட்டையாவுக்கு அங்குலக் கணக்கில் ஆர்வம் கிடையாது. வாங்குகிறவரின் பெயர், முகவரியை எழுதி வைக்கும்படி 2021-லேயே காவல்துறை பட்டறைகளுக்குச் சொல்லியிருக்கிறது. கேட்டால் கோபப்படாமல் கொடுங்கள்.

கே: உறை?

ப: தோல் அழகு, ஆனால் ஈரம் வாங்கினால் உள்ளே துரு. வீணாய்ப்போன பிவிசி குழாய்த் துண்டை, தீயில் காட்டாமல் சுடுமணலில் இளக்கி, அலகைச் சுற்றி அமுக்கினால் செலவில்லாத உறை.

கே: எப்போது அடித்து முடிப்பீர்கள்?

ப: பட்டை கிடைத்ததும். பழைய ஜீப், லாரிப் பட்டை வீட்டில் கிடந்தால் பட்டறைக்குக் கொடுத்து அனுப்புங்கள். ஒருமுறை உடைந்து வெல்டிங் வைத்த பட்டை மட்டும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல் அதில் இருக்கும், தோய்ச்சலில்தான் வெளியே வரும்.