பாப்பாவுக்கு எந்தக் கடை?

போன ஞாயிற்றுக்கிழமை மஸ்ஜிட் தானாவில் ஒரு காதுகுத்து. ஊசி ஏறியது குழந்தைக்கு. பந்தியில் குத்துப்பட்டது என் தங்கை மகள் பாப்பா. மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டு, ஃபார்மஸியா பிஸினஸா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். யோசிக்கிற பெண் பக்கத்தில் உட்கார்ந்தால் நம் ஆட்களுக்குச் சோறு இறங்குமா?

எதை எடுக்கலாம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. மூன்று காரணங்களோடு சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் பந்தியைப் பற்றிச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன், இன்னும் வயிறு எரிகிறது.

ஆரம்பித்து வைத்தவர் ஜாசின் மாமா. "ஃபார்மஸி எடுத்தா சொந்தமா மருந்துக் கடை போட்டுக்கலாம்." எதிர் இலையிலிருந்து சித்தப்பா: "பிஸினஸ் எடுத்தாலும் கடைதானே போடப்போறா?" சண்டை வரும் என்று பார்த்தால், இரண்டு பேரும் கடை என்ற இடத்தில் கைகோத்துவிட்டார்கள். அதோடு படிப்பு முடிந்தது. பட்டமளிப்பு விழாவுக்குக்கூட யாரும் போகவில்லை, நேராகக் கடைக்கு இடம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

அலோர் காஜாவில் ஏற்கெனவே நிறைய இருக்கிறதாம், வேண்டாம். மெர்லிமாவ் பரவாயில்லை, ஆனால் முனைக்கடையாக இருக்க வேண்டும். முனைக்கடை தெற்கு பார்த்தால் ஆகாது. பெயர்ப்பலகை பச்சை என்றார் மாமா. பாப்பாவின் பிறந்த எண்ணுக்குப் பச்சை ஒத்துவராது என்றார் அத்தை. லெட்சுமி படம் கல்லாவுக்கு மேலே. குளிர்சாதனப் பெட்டி அந்தச் சுவரில்தான் வரும் என்பதால் படத்தின் அளவு பற்றித் தனியாக ஒரு விவாதம். கல்லாவில் யார்? "நான் வீட்டுல சும்மாதானே இருக்கேன்" என்றார் மாமா. ரசம் வருவதற்குள் தம்பினில் இரண்டாவது கிளை திறந்தாயிற்று, மாநில எல்லை தாண்டி. மோர் வருவதற்குள் முதல் கிளையில் கணக்கு இடித்தது. சித்தப்பா மாமாவை ஒரு மாதிரி பார்த்தார். மாமா, "அப்ப நீயே வந்து ஒக்காரு!" என்று இலையை மூடினார். யுபியு விண்ணப்பத்தையே இன்னும் திறக்காத பெண்ணின் கடையில் பங்காளிச் சண்டை!

நடுவில் நானும் வாயைத் திறந்தேன். மாமா கல்லாவில் உட்காரலாம், ஆனால் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்தை உரிமம் பெற்ற ஃபார்மசிஸ்ட் தானே விற்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். அதாவது, பாப்பா எந்தக் காதுகுத்துக்கும் வர முடியாது. (அவள் முகத்தில் அப்போதுதான் முதல் முறையாக ஃபார்மஸி மேல் ஓர் ஆசை தெரிந்தது.) இன்னொன்று: நம் நாட்டில் கிளினிக் டாக்டரே பொட்டலம் கட்டி மருந்து கொடுத்துவிடுகிறார். மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது கோடாலித் தைலம், பேம்பர்ஸ், பால்மாவு, முகத்துக்குப் பூச ஏதாவது. நாலு வருஷம் ஃபார்மஸி, பிறகு ஒரு வருஷம் பயிற்சி, அதற்கப்புறம் பேம்பர்ஸ் என்ன சைஸ் என்று கேட்பது.

"கவர்மெண்டுல போட்டா பென்ஷன்" என்றார் பெரியப்பா. 2016லிருந்து புதிதாக வருகிறவர்களைக் கான்ட்ராக்டில்தான் எடுக்கிறார்கள் என்றேன். "அதெல்லாம் போட்டுக் குடுப்பாங்க" என்றார். யார், எப்போது என்று கேட்டால் மரியாதைக் குறைவு.

பிஸினஸுக்கு என் தங்கை சொன்ன ஒரே தகுதி, மல்டிமீடியா பல்கலைக்கழகம் புக்கிட் பெருவாங்கில் இருக்கிறது, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது. நாட்டிலேயே முதலில் ஃபார்மஸி பட்டப்படிப்பு தொடங்கியது பினாங்கு யுஎஸ்எம்மில், 1972இல் என்றேன். "பினாங்கா? தைப்பூசத்துக்குப் போய்ட்டு வந்தாலே எனக்குக் கால் வீங்கிப் போகுது" என்றாள். படிக்கப்போவது யாருடைய கால்?

சித்தப்பாவுக்கோ பிஸினஸ் படிப்பே வேண்டாம். அவர்கள் தோட்டத்துக் கடைக்காரர் 555 புத்தகத்தில் பென்சிலால் எழுதியே லயத்தை முழுக்கக் கடனில் வைத்திருந்தாராம். அவர் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்? பாட்டி மட்டும் ஃபார்மஸி பக்கம், அதுவும் டிரெஸர் வேலை என்று நினைத்துக்கொண்டு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மாமியார் சண்டை எல்லாவற்றுக்கும் வீட்டிலிருந்து கொண்டுபோன போத்தலில் ஒரே கலக்கு மருந்தை ஊற்றிக் கொடுத்த டிரெஸர்தான் பாட்டிக்குக் கடவுள். "அவரு மாதிரி வா தாயி" என்றார்.

தாயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "எனக்கு என்னான்னா மாமா..." என்பதற்குள் பாயாச வாளி வந்துவிட்டது.

நான் கேட்பது இவ்வளவுதான். மெர்லிமாவில் அந்த முனைக்கடைக்கு முன்னால் கார் நிறுத்த இடம் எங்கே இருக்கிறது? காலில் கட்டுப் போட்டவன் எங்கே இறங்குவான்? பின்பக்கச் சந்தில் நிறுத்தினால் சம்மன் வரும். இதைச் சொன்னதற்குத்தான் மாமா என்னை, நல்ல காரியத்துல குறுக்கே பேசுறவன் என்கிறார். கடையே தம்பினில் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.