ராஜா பொய், குதிரை நிஜம்

அமெரிக்காவில் ‘ரென் ஃபேர்’ எனப்படும் மறுமலர்ச்சித் திருவிழாக்களைப் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் போகப்போகிறவர்கள். மீதிப் பேர் போய்விட்டு வந்து, காலில் தைலம் தடவிக்கொண்டே எழுதியவர்கள்.

கேள்வி: ரென் ஃபேர் போயே ஆகவேண்டும் என்று மகள் நச்சரிக்கிறாள். அது பொருட்காட்சியா, தீம் பார்க்கா, நாடகமா?
— ஓர் அப்பா, ஹூஸ்டன்

மூன்றும் கலந்த கதம்பம். மரங்களுக்கு நடுவே 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கிராமம் ஒன்றைக் கட்டிவைத்திருப்பார்கள். ராஜா, பிச்சைக்காரன், கொல்லன், கழைக்கூத்தாடி எல்லாரும் தெருவில் திரிவார்கள். சீசனில், பெரும்பாலும் சனி ஞாயிறுகளில் மட்டும் திறக்கும். ராட்டினம் உண்டு, மோட்டார் கிடையாது. மரத்தாலும் கயிற்றாலும் கட்டியது. வாட்டசாட்டமான இரண்டு பேர் வியர்க்க விறுவிறுக்கத் தள்ளுவார்கள். உங்கள் ஊருக்கு வடமேற்கே ஐம்பது மைல் தாண்டினால் டாட் மிஷன். 1974-லிருந்து அங்கே நடப்பதுதான் அமெரிக்காவிலேயே பெரியது என்று பெயரெடுத்தது. அக்டோபரில் தொடங்கி நவம்பர் கடைசி வரை போகும். வரலாற்றுப் பாடம் என்று நினைத்துப் போனால் ஏமாறுவீர்கள். வேடிக்கை பார்க்கப் போங்கள், மகள்தான் உங்களை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வருவாள்.

கேள்வி: இதை எந்த ராஜா ஆரம்பித்துவைத்தார்?
— பொது அறிவுப் பிரியர், சான் ஹோசே

ராஜா இல்லை, ஒரு டீச்சர். பெயர் ஃபிலிஸ் பேட்டர்சன். லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தவர். இத்தாலியில் 16-ஆம் நூற்றாண்டில் முகமூடி போட்டுக்கொண்டு சந்தையில் ஆடிய ‘கொமேதியா தெல்லார்த்தே’ கூத்தைப் பிள்ளைகள் ஆடிப்பார்க்க, அதற்கு ஒரு சந்தையே போட்டால் என்ன என்ற யோசனை பிறந்தது. அவரும் கணவர் ரானும் 1963-ல் அதை நடத்தியும் காட்டினார்கள். வசூல் போனது கேபிஎஃப்கே என்ற வானொலி நிலையத்துக்கு. விளம்பரம் வாங்காமல் நேயர்கள் தரும் பணத்தில் ஓடுகிற நிலையம் அது. பிறகு ஹிப்பிகள் வந்தார்கள், பூக்கிரீடம் வந்தது. 1967-ல் ‘பேர்ட்ஸ்’ இசைக்குழு இந்தச் சந்தையைப் பற்றி ஒரு பாட்டே போட்டது. கொல்லைப்புற நாடக வகுப்பில் முளைத்தது இன்று அமெரிக்காவில் பல மாநிலங்களில் பரவிவிட்டது. டியூஷன் எடுக்கும் டீச்சர்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

கேள்வி: மறுமலர்ச்சி என்கிறார்கள். உள்ளே போனால் கொம்பு வைத்த வைக்கிங், கடற்கொள்ளையன், இறக்கை கட்டிய தேவதை. இது எந்த மறுமலர்ச்சி?
— வரலாற்று ஆசிரியர், ஓய்வு

வைக்கிங்குகள் ஐந்நூறு வருஷம் தாமதமாக வந்திருக்கிறார்கள், கொள்ளையர்கள் நூறு வருஷம் முன்னதாக. தேவதைகள் எந்தக் காலத்திலும் நேரத்துக்கு வருவதில்லை. அப்புறம், வைக்கிங்குகள் போருக்குக் கொம்பு வைத்த தொப்பி போட்டதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அதை அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள் சார், கோடாலி வைத்திருப்பார்கள்.

கேள்வி: ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் பட்டுப்புடவையில்தான் வருவேன் என்கிறார். எல்லாரும் வேஷம் போட்டு வரும் இடத்தில் இவர் மட்டும் தனியாகத் தெரியமாட்டாரா?
— சங்கடத்தில் மருமகள், பால்டிமோர்

வேஷம் கட்டாயமில்லை. ஜீன்ஸ் போட்டுப் போகிறவர்களும் ஏராளம். வாசலருகே வாடகை உடையும் கிடைக்கும். மாமியாரைப் பொறுத்தவரை, அந்தக் கூட்டத்தில் காலக்கணக்குச் சரியாக இருக்கப்போகிறவர் அவர் ஒருவர்தான். உங்கள் பக்கத்து கிரவுன்ஸ்வில் விழாவின் நாயகர் எட்டாம் ஹென்றி. அவர் பட்டத்துக்கு வந்த அதே 1509-ல்தான் விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் அரியணை ஏறினார். திருவண்ணாமலை ராஜகோபுர வேலையைத் தொடங்கியவர். ‘எங்கள் ராஜாவும் உங்கள் ராஜாவும் ஒரே வருஷத்து பேட்ச்’ என்று அத்தையை ஹென்றியிடமே சொல்லச் சொல்லுங்கள், எழுந்து வணக்கம் வைப்பார். ஆனால் பட்டு வேண்டாம். அங்கே தரை மண், மழை பெய்தால் சேறு, நாள் முழுக்க நடை. மதுரைச் சுங்குடி போதும். செருப்பு வேண்டாம், ஷூ. அது வரலாற்றுக்குப் பொருந்தாது, முழங்காலுக்குப் பொருந்தும்.

கேள்வி: எல்லார் கையிலும் கதாயுதம் மாதிரி ஒரு கோழிக்கால் இருக்கிறதே, அது என்ன?
— சாப்பாட்டு ராமன், டாலஸ்

வான்கோழிக்கால். ரென் ஃபேரின் தேசியக் கொடி. முக்கால் கிலோ வரை இருக்கும். உப்புநீரில் ஊறவைத்துப் புகைபோட்டது. அதனால்தான் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்து பன்றித்தொடை ருசி அடிக்கிறது. வேகவில்லையோ என்று பயப்படாதீர்கள். மேல் தோலைக் கடித்ததும் தாராளமாகச் சதை வரும். பாதிக்கு மேல் போனால் எலும்போடு ஒட்டி விறைத்த தசைநார்கள் நீள நீளமாக நிற்கும், ஈறில் குத்தும். ஒன்றை வாங்கி நாலு பேர் சாப்பிடுங்கள், கடைசிப் பங்கு மாப்பிள்ளைக்கு.

ஒரு கொசுறு: வான்கோழி அமெரிக்கப் பறவை. கொலம்பஸ் போய்வந்த பிறகுதான் ஐரோப்பா அதைப் பார்த்தது. எட்டாம் ஹென்றி காலத்தில் இங்கிலாந்துக்கு வந்த புதுச்சரக்கு. பக்கத்துக் கடையில் விற்கும் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும்கூட அமெரிக்கச் சரக்குதான். நாம் சிரிக்க வேண்டாம். நம்முடைய மிளகாயும் அந்த வழியில் வந்ததே, அதே நூற்றாண்டில், போர்ச்சுகீசியர் கப்பலில். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கியது மிளகு வாங்க. பின்னால் வந்தவர்கள் மிளகாயை விட்டுப் போனார்கள். காரத்தில் நமக்குத்தான் லாபம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?
— தயிர்சாதக் குடும்பம், மினியாபொலிஸ்

சுட்ட சோளக்கதிர், பொரித்த ஊறுகாய் வெள்ளரி, சீஸ் வறுவல், பிரெட்ஸல், பழம் உண்டு. சூப் வாங்கினால் இறைச்சிச் சாறு கலந்ததா என்று கேளுங்கள். தயிர்சாத டப்பாவை வாசலில் நிறுத்திவிடுவார்கள். வெளிச்சாப்பாட்டை அனுமதிக்காத விழாக்களே அதிகம். கார் நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்துவைத்து ஒரு பந்தி முடித்துவிட்டு உள்ளே போவது தமிழர் மரபு.

கேள்வி: குதிரையில் வந்து ஈட்டியால் மோதிக்கொள்கிறார்களே, அடி நிஜமா, நடிப்பா?
— மகனோடு முன்வரிசையில் உட்கார்ந்த அம்மா, அனாபொலிஸ்

ஆளைப் பொறுத்தது. சில குழுக்கள் யார் விழுவது என்பதை முன்பே பேசிவைத்து ஆடுகின்றன. சில குழுக்கள் நிஜமாகவே மோதுகின்றன. இரண்டிலும் ஈட்டி நுனியில் பெரும்பாலும் பால்சா மரம்தான் இருக்கும். பட்டதும் நொறுங்கட்டும் என்றே வைப்பது. ஆனால் குதிரைக்குக் கதை வசனம் தெரியாது. ஐந்நூறு அறுநூறு கிலோ எடையுள்ள மிருகம் அது. கம்பித்தடுப்பை ஒட்டி நின்றால், அது ஓடத் தொடங்குவது காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். மேலே உட்கார்ந்திருப்பவர் மீது எஃகுக் கவசம், இருபது இருபத்தைந்து கிலோ. தலைக்கவசத்தில் பார்ப்பதற்கு ஒரு விரல் அகலத்துக்குக் கீறல். மத்தியான வெயிலில் அதற்குள் இருந்துகொண்டு, ஒரு கையில் கடிவாளம், ஒரு கையில் ஈட்டி. ஆட்டம் முடிந்து தலைக்கவசத்தைக் கழற்றும்போது பாருங்கள், தலைமுடி குளித்த மாதிரி ஒட்டியிருக்கும். நிஜமாக மோதுகிற குழுவில் நடிப்பு என்பது வாயால் விடுகிற சவால் மட்டும்தான்.

அந்தக் காலத்தில் நடிப்பே இல்லை. பிரான்ஸ் அரசன் இரண்டாம் ஹென்றி 1559-ல் மகள் கல்யாணக் கொண்டாட்டத்தில் இந்த விளையாட்டில் இறங்கினான். உடைந்த ஈட்டியின் சிலும்பு கண்ணருகே பாய்ந்து பத்தாம் நாள் இறந்தான். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1536-ல் குதிரையோடு விழுந்தவர், அதன்பிறகு ஈட்டி பிடிக்கவில்லை. உங்கள் மேரிலாந்துக்கு மாநில விளையாட்டே இதுதான், 1962-லிருந்து. அங்கே அதிகம் ஆடுவது சாதுவான வகை: தொங்கும் சிறு வளையத்தைக் குதிரையில் போய் ஈட்டியில் கோக்க வேண்டும். ஆளைக் குத்தும் வகையைப் பார்க்க விழாவுக்குத்தான் வரவேண்டும். மகனை முன்வரிசையிலேயே உட்காரவையுங்கள்.

கேள்வி: கழிப்பறை எப்படி?
— முன்னெச்சரிக்கைக்காரர், பீனிக்ஸ்

மறுமலர்ச்சிக் காலத்தைவிட மேல். வீட்டைவிடக் கீழ். வரிசை மட்டும் ராஜபாட்டை நீளம்.

கேள்வி: சில காட்சிகளில் பச்சையாகப் பேசுகிறார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது?
— நெளிந்த தந்தை, அட்லாண்டா

மேடையைப் பாருங்கள், பிள்ளையின் முகத்தைப் பார்க்காதீர்கள். வள்ளி திருமணம் நாடகத்தில் பபூன் பேசாததையா இவர்கள் பேசிவிட்டார்கள்? அதுவும் ஊர்ப்பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டதுதான். பெரும்பாலான நக்கல் இரட்டை அர்த்தம், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாது. எட்டுகிற வயதென்றால், அவன் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்பான். பெரியவர்களுக்கு மட்டுமான காட்சிகளை அட்டவணையில் குறித்திருப்பார்கள், படியுங்கள். டெக்சஸ் விழாவில் கூடாரம் போட்டுத் தங்கவும் இடம் உண்டு. அங்கே ராத்திரி நடக்கும் கூத்து பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு ஆகாது. இருட்டியதும் காரை எடுங்கள்.

கேள்வி: பதினைந்து வயது மகன் ‘எனக்கு மானம் போகும்’ என்று வர மறுக்கிறான்.
— தாய்க்குலம், சிகாகோ

அங்கே ஒரு கடை உண்டு. பலகை ஓட்டையில் தலையை நீட்டியபடி ஒருவன் போகிற வருகிறவர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி கிண்டலடிப்பான். நீங்கள் காசு கொடுத்துத் தக்காளி வாங்கி அவன் முகத்தில் எறியலாம். முதல் தக்காளியை உங்கள் வீட்டுக்காரர் எறிய, அவன் அவர் தொப்பையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் பையன் நகரமாட்டான். பென் – டெல்லர் என்ற உலகப் புகழ்பெற்ற மந்திரவாதி ஜோடி 1975-ல் மினசோட்டா விழாவில் ஆடித்தான் மேலே வந்தது என்பதையும் காதில் போட்டுவையுங்கள். மற்றபடி, அவன் நண்பர்களையும் கூட்டிப்போங்கள், இருபதடி பின்னால் நடங்கள்.

கேள்வி: ராணி என்னோடு பேசினாங்க! நிஜ ராணியா?
— மூன்றாம் வகுப்பு, மில்வாக்கி

சாயங்காலம் விழா முடியும் வரைக்கும் நிஜ ராணி, கண்ணு. நீ செல்போனைக் காட்டினால்கூட ‘இதென்ன மாயக்கண்ணாடி?’ என்று கேட்பார்களே தவிர வேஷத்தைக் கலைக்கமாட்டார்கள். உன் ஊர்ப்பக்கம் கெனோஷாவில் நடப்பது பிரிஸ்டல் விழா. அங்கே எப்போதும் 1574-தான். முதலாம் எலிசபெத் பிரிஸ்டல் துறைமுகத்துக்கு வந்த வருஷம். அடுத்த தடவை பார்த்தால் எனக்காக ஒரு சேதி சொல்லு: ‘மகாராணி, இன்னும் 26 வருஷத்தில், 1600 டிசம்பர் 31-ஆம் தேதி, கிழக்கிந்தியக் கம்பெனி என்று ஒரு காகிதம் நீட்டுவார்கள். தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.’ என்ன பதில் சொன்னார் என்று அவசியம் எழுது.

கேள்வி: டெக்சஸ் விழாவுக்கு நிஜமாகவே ஒரு ராஜா இருந்தாராமே?
— கிசுகிசு நேயர், ஆஸ்டின்

ஜார்ஜ் கூலம். விழாவை நிறுவியவர், டாட் மிஷனுக்கு நெடுங்காலம் மேயரும் அவரே. வயதான காலத்தில் அரியணையை யாருக்குக் கொடுப்பது என்று கீழே இருந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள். எச்பிஓ அதை 2024-ல் மூன்று பாகத் தொடராகவே எடுத்துவிட்டது. 2025-ல் அவர் காலமானார். விழாவுக்குள் நடக்கும் ராஜா நாடகத்தைவிட வெளியே நடந்தது விறுவிறுப்பு.

கேள்வி: நாலு பேர் போய்வர எவ்வளவு ஆகும்?
— கணக்குப்பிள்ளை, ஷார்லட்

டிக்கெட் பயமுறுத்தாது, சின்னப் பிள்ளைகளுக்குச் சலுகையும், சில இடங்களில் சில நாள் இலவசமும் உண்டு. செலவு உள்ளேதான் காத்திருக்கிறது. ராட்டினம், வில் அம்பு, முகத்தில் சாயம், ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. தோலில் கையால் தைத்த பூட்ஸ் சில நூறு டாலர். காலை அளந்து தைக்கிறார்கள், பல வருஷம் உழைக்கும், விலை அநியாயம் இல்லை; உங்களுக்கு அவசியம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் கொல்லன் பட்டறையும் கண்ணாடி ஊதுபவர் உலையும் வேடிக்கை பார்க்க இலவசம். பழுக்கக் காய்ந்த இரும்புக் கம்பி ஏழெட்டு அடியில் இலையாகவும் கொக்கியாகவும் வளைவதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

கேள்வி: மகனுக்கு இரும்பு வாளே வாங்கிவிட்டோம். இனி?
— வீரக் குடும்பம், ஒஹையோ

உள்ளே இருக்கும்வரை உறையில் போட்டு, உருவ முடியாதபடி கட்டி வைக்கச் சொல்வார்கள், கேளுங்கள். வீட்டில் பரண்மேல். விமானத்தில் கைப்பையில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஒவ்வொரு காட்சி முடிந்ததும் தொப்பியை நீட்டுகிறார்கள். டிக்கெட்தான் வாங்கியாயிற்றே, இது என்ன பழக்கம்?
— கறார் ஆசாமி, நியூ ஜெர்சி

டிக்கெட் காசு விழா நடத்துகிறவருக்கு. தீப்பந்தம் சுழற்றுகிறவர், கயிற்றில் நடப்பவர், சேற்றில் புரண்டு சேற்றையே வாயில் போட்டுக்கொள்கிறவர்: இவர்களில் பலருக்குத் தொப்பியில் விழுவதுதான் வருமானத்தில் பெரும்பங்கு. பிப்ரவரியில் அரிசோனா, ஏப்ரலில் டெக்சஸின் ஸ்கார்பரோ, ஆகஸ்டில் மினசோட்டா, அக்டோபரில் டாட் மிஷன் என்று வேனிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே கிரீடம் தகரம், கோட்டைச் சுவர் ஒட்டுப்பலகை. அந்த ஆள் கயிற்றிலிருந்து விழுந்தால் முறிவது நிஜ எலும்பு. காட்சி பிடித்திருந்தால் தலைக்கு ஐந்து டாலராவது போடுங்கள். சில்லறை நோட்டாக வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், உள்ளே ஏடிஎம் வரிசை பெரிது. தொப்பி உங்கள் வரிசைக்கு வரும் நேரம் பார்த்துச் செல்போனைக் குனிந்து பார்க்காதீர்கள் சார், மேடையிலிருந்து எல்லாம் தெரியும்.