டெஸ்ட் வாரத் துறவி

இவருக்குச் சர்க்கரை வந்து வெகுகாலம் ஆகிறது. ஆனால் அந்த நினைப்பு வருவது மூன்று மாதத்துக்கு ஒரு முறை, டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய வாரம் மட்டும்தான். அந்த வாரம் வீட்டில் அரிசி வேகாது. காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி எண்ணெய் தொடாத இரண்டு சப்பாத்தி. மிக்ஸியில் பாகற்காய் ஓடும். கட்டிலுக்கடியில் கிடந்த கேன்வாஸ் ஷூ வெயிலில் காயும். "இன்னொரு சப்பாத்தி போடட்டுங்களா?" என்று மனைவி கேட்டுவிட்டால், "என்னைக் கொன்னுட்டுதான் மறுவேலை பார்ப்பியா?" என்று பாய்வார். தோசை ஏன் முறுகலாக இல்லை என்று போன வாரம் பாய்ந்தவரும் இவர்தான்.

விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த அரிசி சர்க்கரையை மெதுவாக ஏற்றும், நாவல் கொட்டையை எப்படிப் பொடிக்க வேண்டும் என்று பூங்காவில் வகுப்பே எடுப்பார். வகுப்பு முடிந்ததும் சர்க்கரை இல்லாத டீ, கூடவே இரண்டு கீரை வடை. "அதான் நாலு ரவுண்டு நடந்தாச்சே!" கல்யாண வீட்டில் பாயசம் வருகிறது என்றால் மாத்திரையை ஒன்றரையாகப் போட்டுக்கொள்வார். (இதை மட்டும் நீங்கள் செய்து பார்க்காதீர்கள்.)

இவருடைய திறமையை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் லேபுக்குத்தான் போக வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாயிற்று. "சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க சார்" என்கிறாள் அங்கிருக்கும் பெண். சட்னியைத் தள்ளிவைத்து இரண்டே இட்லி. பிறகு லேப் இருக்கும் தெருவைச் சுற்றிச் சுற்றி நடை. மணியைப் பார்த்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கையை நீட்டுவார். பஞ்சை எடுப்பதற்குள் எதிர் ஓட்டலில் நெய் ரோஸ்ட்டுக்குச் சொல்லியாகிவிடும். துறவறம் அத்தோடு முடிந்தது.

வெறும் வயிற்றில் 108. "பார்த்தீங்களா டாக்டர்!" டாக்டரின் கண்ணோ அடுத்த வரியில் இருக்கிறது: ஹெச்பிஏ1சி 9.2. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். ரத்தத்தில் ஓடும் சர்க்கரை அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். ஆகவே கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரி அந்த ஒரே எண்ணில் வந்து நிற்கும். பாகற்காய் வாரத்தையும் அது சேர்த்துக்கொள்ளும். மச்சினன் கல்யாணத்து ஜாங்கிரியையும் விடாது. "லேபை மாத்தணும் டாக்டர்" என்பது இவருடைய தீர்ப்பு.

லண்டனில் ஃபிலிப்பா லாலி என்ற உளவியலாளரும் சகாக்களும் ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்று ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். தினமும் ஒரே சூழலில் செய்கிற ஒரு சின்னக் காரியம் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்ததாம். சிலருக்கு 18 நாளிலேயே படிந்துவிட்டது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நம்மவர் ஏழாம் நாளே நெய் ரோஸ்ட்டில் இருக்கிறார். அடுத்த டெஸ்டுக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குவார். நோயோடு அவருக்கு வழக்கே இல்லை, ரிப்போர்ட்டோடுதான்.

அடுத்த டெஸ்ட் தீபாவளி கழித்து வருகிறது. அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர்கள் தேதி விசாரித்துக்கொண்டு போவது நல்லது.