பாட்டுக்கு மட்டுமா, காதுக்கும் கட்டணம்!

கேள்வி: அமெரிக்காவில் சிறிய இணைய வானொலிகள் ராயல்டியைக் கண்டு நடுங்குவது ஏன்?

பதில்: அங்கே ஒரு பாட்டை ஆயிரம் பேர் கேட்டால், ஆயிரம் முறை ஒலிபரப்பியதாகக் கணக்கு! 2016-இல் இலவச நிலையங்களுக்கான விகிதம் ஒரு முறைக்கு 0.17 சென்ட். மணிக்கு 15 பாட்டு, எந்நேரமும் ஆயிரம் நேயர்கள் என்றால் நாளொன்றுக்கு 612 டாலர். கூட்டம் சேரச் சேரக் கடனும் சேரும்.

அதுவரை சிறியவர்களுக்கு வருமானத்தில் ஒரு பங்கு கட்டினால் போதும் என்ற சலுகை இருந்தது. 2015-உடன் அது முடிந்தது. சிறு நிலையங்கள் பலவற்றைத் தாங்கிய லைவ்365 அடுத்த மாதமே நின்றுபோனது. மீண்டு வந்தது 2017-இல்தான்.

பாடுபவருக்குப் பணம் போகத்தான் வேண்டும். ஆனால் அதே பாட்டை ஒலிபரப்பும் எஃப்.எம். நிலையம், அமெரிக்கச் சட்டப்படி பாடகருக்கு ஒரு சென்ட்கூடத் தர வேண்டியதில்லை. கோபுரம் வைத்திருப்பவருக்கு விலக்கு, கணினி வைத்திருப்பவருக்கு வசூல். இது எந்த ஊர் நியாயம்?