மாமா மூலதனம்

1956இல் 245 கம்பெனிகளை ஒன்றாக இணைத்து எல்.ஐ.சி.யைத் தொடங்கியபோது அரசாங்கம் போட்ட மூலதனம் 5 கோடி ரூபாய். இன்றைக்குக் கோடை விடுமுறையில் ஏதோவொரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளைக்கு இன்டர்ன்ஷிப் போகும் எம்.பி.ஏ. மாணவன் கையோடு கொண்டுபோகும் மூலதனம் அதற்குக் குறைந்ததல்ல. இரண்டு தாய்மாமன், மூன்று சித்தப்பா, அக்காவின் மாமனார், அப்பாவோடு ரிட்டயர் ஆனவர்கள், போதாக்குறைக்குக் குடும்ப வாட்ஸ்அப் குரூப். முதல் நாள் அவனிடம் மார்க் ஷீட்டைக் கேட்பவர் குறைவு. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உனக்குத் தெரிஞ்சவங்க நூறு பேர் பேரை எழுதுப்பா" என்பார்கள். பெயர் எழுதி முடிந்ததும் பயிற்சியின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. இன்சூரன்ஸ் என்பது ஒருவரையொருவர் அறியாத லட்சக்கணக்கானவர்கள் தங்கள் நஷ்டத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடு. அதைக் கற்கவந்த பையனை, பிறந்ததிலிருந்து அவனை அறிந்த பத்துப்பேரிடம் அனுப்புகிறோம். என் கட்சி இதுதான்: இன்டர்ன் ஒரு பாலிசிகூட விற்கக்கூடாது. அவனைக் கிளெய்ம் பிரிவில் உட்காரவைக்க வேண்டும்.

சட்டமும் ஏறத்தாழ என் பக்கம்தான். ஏஜெண்ட் ஆக வேண்டுமானால் பயிற்சி எடுத்து, ஐசி-38 பரீட்சை எழுதித் தேற வேண்டும். தேறாதவன் பாலிசி விற்க முடியாது என்பதால் இன்டர்ன் விற்பதில்லை, 'லீட்' கொண்டுவருகிறான். பெயரையும் போன் நம்பரையும் கொடுத்து, சேல்ஸ் மேனேஜரைப் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு மாமா வீட்டுக்கு வழி காட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். அங்கே ப்ரொபோசல் ஃபார்மை விரிக்கும்போது வேடிக்கை ஆரம்பமாகிறது. சர்க்கரை உண்டா, பி.பி. உண்டா, புகையிலை, மது? அத்தை காபி டம்ளரோடு பக்கத்தில் நிற்கும்போது, மருமகன் கேட்கும் மதுவைப் பற்றிய கேள்விக்கு எந்த மாமாதான் உண்மையான பதில் சொல்வார்? 'இல்லை' என்று டிக் விழுகிறது. இரு தரப்பும் உள்ளதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதுதான் இந்த ஒப்பந்தத்துக்கே அடிப்படை. 2015இல் திருத்தப்பட்ட இன்சூரன்ஸ் சட்டத்தின் 45ஆவது பிரிவின்படி, மூன்று ஆண்டு கடந்துவிட்டால் பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால், முக்கியமான விஷயத்தை மறைத்தார் என்று கம்பெனி கையை விரிக்கலாம். ஆக, அந்த வீட்டில் மூன்று வருஷம் மாமாவின் ஆயுளுக்கு அத்தையின் காபி டம்ளர்தான் ஜாமீன்.

"விற்பனை தெரியாதவனுக்கு இன்சூரன்ஸ் தெரியாது. யாரும் தானாக வந்து பாலிசி கேட்பதில்லை" என்று பிராஞ்ச் மேனேஜர் சொல்வார். அதில் உண்மை இருக்கிறது. 2023-24இல் இந்தியாவில் கட்டப்பட்ட மொத்தப் பிரீமியம் நாட்டின் உற்பத்தி மதிப்பில் 3.7 சதவீதம்தான், உலக சராசரி 7 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. விற்க ஆள் வேண்டும்தான். ஆனால் தயவுக்காக வாங்கிய பாலிசி எத்தனை நாள் ஓடும்? எண்ணிக்கையில் பார்த்தால், ஐந்து ஆண்டுக்குப் பிறகும் பிரீமியம் கட்டப்படும் ஆயுள் பாலிசிகள் ஏறக்குறைய பாதிதான். மீதியில் எத்தனை, பையன் முகத்துக்காகப் போட்டவை என்று கணக்கெடுத்தவர் இல்லை. எந்த மாமாவைக் கேட்டாலும் தெரியும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வருஷத்துக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பு தரும் பிரதமர் ஜீவன் ஜோதி திட்டம் இருக்கிறது. 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பு தரும் சுரக்ஷா திட்டம் இருக்கிறது. நாட்டில் காப்பீடு பரவ வேண்டும் என்ற கவலைதான் காரணம் என்றால் பையனின் பையில் முதலில் இவைதானே இருக்க வேண்டும்? இருப்பது சேமிப்பும் காப்பும் கலந்த எண்டோமென்ட் பாலிசி. அதன் முதலாண்டுப் பிரீமியத்தில் கால்பங்குவரை கமிஷன் போகக்கூடும். இருபது ரூபாயில் கால்பங்கு ஐந்து ரூபாய்; அதில் சேல்ஸ் மேனேஜரின் பைக்குக்குப் பெட்ரோல் வராது. அண்மையில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் சேரும் இளைஞர்களுக்கு அரசாங்கமே தன் செலவில் எடுத்துக்கொடுப்பதும் இந்த இரண்டு பாலிசிகளைத்தான். வாங்கித்தரத் தகுந்ததும் விற்கத் தகுந்ததும் வேறுவேறு என்று இன்சூரன்ஸ் உலகத்துக்குத் தெரியாமல் இல்லை.

கிளெய்ம் பிரிவில் அப்படி என்ன இருக்கிறது? எல்லாம் அங்கேதான் இருக்கிறது. விற்கும்போது கொடுத்தது வாக்கு; அது காப்பாற்றப்படுகிறதா இல்லையா என்பது அந்த மேஜையில்தான் தெரியும். ஒரு ஆஸ்பத்திரி பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 5 லட்ச ரூபாய் பாலிசி, அறை வாடகைக்கு நாளுக்கு 1 சதவீதம் என்று வரம்பு. அதாவது 5,000 ரூபாய். மாமா 10,000 ரூபாய் அறையில் படுத்தார். கூடுதல் வாடகையை மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்று அவர் நினைப்பார். டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் என்று அறையோடு சேர்ந்த செலவுகளும் அதே விகிதத்தில் பாதியாகலாம் என்பது டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியவரும். இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்ட மாணவன் குடும்பத்துக்குச் செய்யும் உபகாரம், பத்து பாலிசி விற்றவன் செய்வதைவிடப் பெரிது. அல்லது சென்னையின் 2015 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நின்ற காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து 'ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பியவர்கள் உண்டு. எஞ்சினுக்குள் தண்ணீர் இழுத்துக்கொண்டது. தண்ணீர் புகுந்தது வெள்ளத்தின் வேலை, எஞ்சின் போனது சாவியின் வேலை என்று பிரித்துப் பார்க்கிறது சாதாரண மோட்டார் பாலிசி. எஞ்சினுக்கென்று தனியாகக் கூடுதல் காப்பு எடுக்காதவர் சர்வேயரோடு வாதாட வேண்டியதுதான். ஒரு நஷ்டத்துக்கு எது உடனடிக் காரணம் என்ற கேள்வியைப் பாடப்புத்தகம் ஐம்பது பக்கம் விளக்கும். சாவி ஒரு திருப்பில் விளக்கிவிடும். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயக் கட்டுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. இறந்துபோனவரின் சம்பளம், வயது, அவரை நம்பி இருந்தவர்கள் என்று ஒரு மனிதனின் விலையைக் கணக்கிடும் கலை, எம்.பி.ஏ. படிப்பின் எந்த செமஸ்டரிலும் இல்லை.

கிளெய்ம் கட்டுகளில் ஊராரின் நோய் விவரம் இருக்கும், அதை மாணவனிடம் காட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பெயரையும் நம்பரையும் மறைத்துக்கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் இந்த ரகசியக் கவலை, அதே மாணவன் தன் சித்தப்பாவின் வருமானம், சித்தியின் சர்க்கரை அளவு, நாமினி யார் என்ற குடும்பத் தகராறு எல்லாவற்றையும் ஃபார்மில் எழுதிக்கொண்டிருந்தபோது எங்கே போயிருந்தது? நாலு வாரத்தில் கிளெய்ம் கற்க முடியாது என்பார்கள் இன்னும் சிலர். ஒத்துக்கொள்கிறேன். நாலு வாரத்தில் விற்பனையையும் கற்க முடியாது; மாமாக்கள்தான் தீர்ந்துபோவார்கள்.

கல்லூரியும் கம்பெனிக்குச் சளைத்ததில்லை. முடிவில் ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வேண்டும்: இன்ன நகரத்தை முன்வைத்து, ஆயுள் காப்பீட்டில் வாடிக்கையாளர் திருப்தி பற்றிய ஓர் ஆய்வு. கேள்வித்தாளை நிரப்பித்தருபவர்களில் பாதி ஹாஸ்டல் நண்பர்கள். அவர்களுக்குப் பாலிசியே கிடையாது, திருப்தி மட்டும் மிக அதிகம். வயதுக்கும் திருப்திக்கும் தொடர்பு உண்டா என்று கை-ஸ்கொயர் சோதனை நடக்கும். கம்பெனி இன்னும் விளம்பரம் செய்ய வேண்டும் என்ற பரிந்துரையோடு ஸ்பைரல் பைண்டிங் முடியும். அதற்குப் பதிலாக, மறுக்கப்பட்ட பத்து கிளெய்ம்களை எடுத்து ஏன் மறுக்கப்பட்டன, மறுத்தது சரியா என்று பத்துப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். கைடும் முழுசாகப் படிப்பார். கம்பெனிக்கு அந்த ரிப்போர்ட் பிடிக்காமல் போகலாம். பிடிக்காத ரிப்போர்ட்டில் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

இது நடக்கும்வரை மாமாக்களுக்கு ஒரு தகவல். பத்திரம் கைக்கு வந்ததிலிருந்து, பிடிக்காத பாலிசியைத் திருப்பி அனுப்பும் ஃப்ரீ லுக் காலத்தை 2024இல் 30 நாளாக்கியிருக்கிறார்கள். ஸ்டாம்ப் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, காப்பு இருந்த நாட்களுக்கான தொகை இவற்றைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைக் கம்பெனி தந்தாக வேண்டும். அதற்குள் மருமகனுக்கு இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் வந்திருக்கும்.