தூசிக்கும் உண்டு துட்டு

பழைய காருக்கு விலை மதிப்பிடும்போது, அது ஓடுமா என்று கேட்டுவிடாதீர்கள். அது ஏழைகளின் கேள்வி. ஒருகாலத்தில் யார் ஓட்டினார் என்று கேளுங்கள்.

2015-இல் பாரிஸில் ஏலத்துக்கு வந்த 1961-ஆம் ஆண்டு ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர், பிரெஞ்சு நாட்டுப்புறக் கொட்டகை ஒன்றில் பழைய பத்திரிகைக் குவியலுக்கு அடியில் கிடந்தது. நம் கார் அப்படிக் கிடந்தால் காயலான் கடைக்காரர்கூட முகம் சுளிப்பார். அதுவோ 1.6 கோடி யூரோவைத் தாண்டியது. முன்பு அதை வைத்திருந்தவர் நடிகர் அலென் டெலோன். தூசியைக்கூடத் துடைக்காமல்தான் காட்சிக்கு வைத்தார்கள். துடைத்து வைத்தால் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?

‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய மஸ்டாங்கும் அப்படித்தான். 1974-இல் சுமார் 6,000 டாலருக்குக் கைமாறிய வண்டி, 2020 ஏலத்தில் 37 லட்சம் டாலருக்குப் போனது, துருவும் நசுங்கலும் அப்படியே இருக்க. நல்லெண்ணம் கொண்ட பெயின்டர் ஒருவர் இடையில் புகுந்திருந்தால், ஒரே நாளில் பல லட்சம் டாலரைச் சுரண்டி எறிந்திருப்பார்.

நிபுணர்கள் எஞ்சின் எண்ணையும் தொழிற்சாலை ஏட்டையும் வைத்துக் கல்யாணப் பொருத்தம் பார்ப்பார்கள். பார்க்கட்டும். உண்மையான மதிப்பு என்பது, போட்டி போட்ட இரண்டு பணக்காரர்களில் ஒருவர் கையை இறக்கிய தொகைக்கு ஒரு படி மேல். ஏலக் கமிஷன் தனி. பெட்ரோல் செலவுக்குக் கவலை வேண்டாம், வாங்கியவர் ஓட்டினால்தானே!