கருவேலங்காட்டிலிருந்து கருவேலங்காட்டுக்கு

கமுதியில் பிறந்தவனுக்கு வெயிலைப் பற்றி இன்னொருவன் பாடம் எடுப்பதா என்ற திமிரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நியூஜெர்ஸியில் பாதி ஆயுசு பனி வாரிக் கொட்டியாயிற்று. ஓய்வு பெற்றதும், பனி வாரும் மண்வெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தானம் கொடுத்துவிட்டு, "இனிமே அரிசோனாதான்" என்று அறிவித்தேன். அங்கே மாநில வருமான வரி எல்லாருக்கும் ஒரே 2.5 சதவீதம். சோஷியல் செக்யூரிட்டிப் பணத்துக்கு அந்த வரியும் கிடையாது. பாலைவனத்தில் அமைதியான ஒரு சின்ன ஊராகப் பார்த்து உட்கார்ந்துவிடுவோம் என்றேன்.

என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏங்க, அந்த ஊரெல்லாம் ஏன் அமைதியா இருக்குன்னு விசாரிச்சீங்களா?"

நான் விசாரிக்கவில்லை. நல்ல கேள்விகளை அவள் கேட்கும்போது நான் பெரும்பாலும் சிரித்துவிடுவேன். அன்றும் சிரித்தேன்.

போனது மார்ச் மாதம். ஃபீனிக்ஸில் இறங்கியதும் ஆரஞ்சுப் பூ வாசனை. சாலையோரமெல்லாம் மஞ்சள் பூ. காலையில் மெல்லிய சட்டை, மாலையில் ஒரு ஸ்வெட்டர். "இதைத்தான் பாலைவனம்னு பயமுறுத்துறாங்க" என்று சாண்ட்லரில் இருக்கும் நண்பரிடம் சொன்னேன். அவர் அங்கே சிப் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். "ஜூலையில ஒருவாட்டி வந்து பாருங்கண்ணே" என்றார். ஊரை ரசிக்கத் தெரியாத ஆள் என்று மனதுக்குள் முடிவுகட்டினேன்.

முதலில் பிஸ்பீ. மெக்ஸிகோ எல்லைக்குப் பக்கத்தில், 5,500 அடி உயரத்தில் இருக்கும் மலையூர். நம் ஏற்காட்டைவிடச் சற்று உயரம், அதனால் வெயில் அடங்கி இருக்கும். வரைபடத்தில் 'லாவெண்டர் பிட்' என்று போட்டிருந்தது. மலைச்சரிவு முழுக்க ஊதாப் பூ என்று மனைவிக்கு வருணித்து, கேமராவை சார்ஜ் போட்டு எடுத்துப் போனேன். போய்ப் பார்த்தால் சுமார் 900 அடி ஆழத்துக்குத் தோண்டிப்போட்ட செம்புச் சுரங்கம். லாவெண்டர் என்பது சுரங்கக் கம்பெனி அதிகாரி ஒருவரின் பெயராம். ஒரு பூ இல்லை. இருந்தாலும் படம் எடுத்தேன், சார்ஜ் போட்டதற்காக.

ஊரின் சுரங்கங்கள் 1975-க்குள் மூடப்பட்டுவிட்டன. வேலை போனவர்கள் வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போக, ஓவியர்களும் ஓய்வு பெற்றவர்களும் வாங்கிக் குடியேறினார்கள். ஊர் அமைதியான கதை அதுதான். எனக்குப் பிடித்த வீடு சரிவில் இருந்தது. பல வீடுகளுக்குத் தெருவே கிடையாது, படிக்கட்டுதான். அந்தப் படிகளில் ஓடுவதற்கென்றே வருஷா வருஷம் அக்டோபரில் ஒரு பந்தயம் நடக்கிறது. ஆயிரம் படிக்கு மேல். நான் நாற்பது படி ஏறுவதற்குள் மூன்று முறை நின்று "என்ன அருமையான காட்சி" என்றேன். காட்சிக்காக நிற்கவில்லை என்பது மனைவிக்குத் தெரியும். வீட்டைக் காட்டியவர் பால்கனிக்கு அழைத்துப் போய், இங்கிருந்து ஊரே தெரியும் என்றார். "ஆம்புலன்ஸ் எங்கே நிக்கும், அது தெரியுமான்னு கேளுங்க" என்றாள்.

அடுத்தது ஆஹோ. இதுவும் செம்பு ஊர்தான், சுரங்கம் 1985-ல் மூடியது. நடு ஊரில் வெள்ளை வளைவுகளோடு ஸ்பானிய பாணியில் ஒரு சதுக்கம், பனைமரங்கள், பக்கத்தில் வெள்ளைத் தேவாலயங்கள். மதியம் ஒரு ஈ காக்கை இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "தேடினது இதுதான்" என்றேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும் என்பதை, பிரஷர் மாத்திரையை விழுங்கிக்கொண்டே கேட்டுக்கொண்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 'ஙொய்' என்று ஒரு சத்தம். வெளியே டிரான்ஸ்ஃபார்மர் எதுவோ கெட்டிருக்கிறது என்று மோட்டலின் முன்னறையில் போய்ப் புகார் செய்தேன். அங்கிருந்த அம்மாள் பொறுமையாக வெளியே வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்றார். சத்தம் என் காதுக்குள் இருந்தது. நியூஜெர்ஸியின் நெடுஞ்சாலை இரைச்சல் இத்தனை வருஷமாக அதை மூடி வைத்திருந்திருக்கிறது.

சன் சிட்டியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டெல் வெப் என்ற கட்டடக்காரர் 1960 ஜனவரி 1-ல் திறந்துவைத்த முதியோர் நகரம். முதல் வார இறுதியில் மட்டும் ஒரு லட்சம் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்களாம். 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான ஊர். கடைத்தெருவுக்கே கால்ஃப் வண்டியில் போகலாம். அந்த வண்டிக்கான விதிமுறைகளை ஒரு வரி விடாமல் படித்திருந்தேன். "பேத்தி லீவு முழுக்க நம்மகூட இருக்கலாமா?" என்றாள் மனைவி. அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவில்லை. குழந்தைகள் விருந்தாளியாக வரலாம், அதற்கும் வருஷத்துக்கு இத்தனை நாள் என்று கணக்கு உண்டு. காரில் ஏறும்போது, "அமைதிக்குக் காரணம் கேட்டேன்ல" என்று மட்டும் சொன்னாள்.

ஊர்களே வேண்டாம், காலி மனை வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்ற யோசனை அப்போதுதான் வந்தது. ஸ்காட்ஸ்டேலுக்கு வடகிழக்கே, மலை அடிவாரத்தில், நம்ப முடியாத மலிவில் ஒரு மனை. அன்று இரவே தாளில் வரைபடம் போட்டேன். வாசல் கிழக்கே, அடுப்படி அக்கினி மூலையில். வாஸ்துப்படி ஈசானிய மூலையில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றுக்கு ஒரு ராட்டினமும் வரைந்தேன். கூட்டுக்கார நண்பர்கள் இரண்டு பேருக்கு அதைப் படம் பிடித்து அனுப்பியும் விட்டேன்.

மலிவுக்கான காரணத்தைச் சாண்ட்லர் நண்பர்தான் விளக்கினார். அரிசோனாவில் 1980-ல் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. ஃபீனிக்ஸ் மாதிரிப் பகுதிகளில் ஒருவர் மனைப்பிரிவு போட்டு விற்க வேண்டுமானால், 100 வருஷத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிலத்தை ஐந்து துண்டுக்கு மேல் போடாவிட்டால் அந்த நிபந்தனை இல்லை. அதனால் ஆளுக்கு ஐந்து ஐந்தாகப் பிரித்தே ஊர்கள் முளைத்துவிட்டன. ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் அப்படிப்பட்ட இடம். அங்கே நூற்றுக்கணக்கான வீடுகளுக்குக் குழாயும் இல்லை, நம்பகமான கிணறும் இல்லை. லாரியில்தான் தண்ணீர். லாரிகள் நீர் பிடித்துக்கொண்டிருந்தது ஸ்காட்ஸ்டேல் நகரத்துக் குழாயில். வறட்சி முற்றியதும், எங்கள் நகரத்தவருக்கே தண்ணீர் போதாது என்று 2023 ஜனவரி 1 முதல் அந்த நகரம் குழாயை மூடிவிட்டது. பெரிய பெரிய வீட்டுக்காரர்கள் மழைத்தண்ணீரைப் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றினார்கள். அப்புறம் மாற்று ஏற்பாடு வர மாதங்கள் ஆயின. அதே 2023 ஜூனில் மாநில அரசு, ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் நிலத்தடி நீரை மட்டும் நம்பி வரும் புதிய மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தருவதையே நிறுத்தியது.

நான் பார்த்த மனை அந்தப் பக்கத்து மனைதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மனைவி நான் வரைந்த ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "லாரித் தண்ணிக்குக் குடம் வரிசை போட்டு அடி வாங்குனதுக்குத்தானே நம்ம சனம் ஊரைவிட்டு ஓடிவந்துச்சு? இம்புட்டு மைல் தாண்டி அமெரிக்காவுல லாரித் தண்ணிக்கு நிக்கவா?" என்றாள். நண்பர்களிடம் ராட்டினம் அலங்காரத்துக்கு என்று சொல்லி வைத்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் விட்டேனா? டூசானுக்கு 25 மைல் தெற்கே கிரீன் வேலி. பீக்கன் தோப்புகள், தூரத்தில் மலை, ஊர் முழுக்க நம் வயசு ஆட்கள். கோடையில் வீட்டு வாடகை பாதிதான் என்றதும், பேரம் பேசத் தெரிந்தவன் என்ற பெருமையோடு கையெழுத்துப் போட்டேன். பாதி வாடகை ஏன் என்று இந்தத் தடவையாவது கேட்டிருக்கலாம். குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து வருகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள். நாங்கள் போய் இறங்கியபோது எங்கள் தெருவில் விளக்கு எரிந்த வீடுகள் இரண்டு. ஒன்று எங்களுடையது.

அங்கே போகும் 19-ஆம் நெடுஞ்சாலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் பெரிய நெடுஞ்சாலைகளில் அப்படி இருப்பது அது ஒன்றுதான். கிலோமீட்டரிலேயே வளர்ந்த நான் அதை மைல் என்று எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் ஊருக்குப் போக டாங்க் நிரப்பி, புளிச்சோறும் கட்டச் சொன்னேன். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது.

வெயிலுக்கு வருகிறேன். கமுதி வெயில் ஆளை நனைத்துவிடும். அரிசோனாவின் ஜூன் வெயிலில் காற்று அவ்வளவு வறட்சி, வேர்வை வெளியே வந்ததும் ஆவியாகிவிடும், சட்டை நனையவே நனையாது. அதை நான் என் உடம்பின் பெருமையாக நினைத்துக்கொண்டேன். தொப்பி வேண்டாம், தண்ணீர் பாட்டில் வேண்டாம் என்று காலை பத்து மணிக்கு நடைப்பயிற்சி போனேன். "பாத்தியா, எனக்கு வேர்க்கவே இல்லை!" என்று மனைவியிடம் போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஞாபகம் இருப்பது கையில் ஏற்றிய டிரிப். ஊசி போட்ட பெண், கோடையில் வெளியூர்க்காரர்கள் தினமும் வருவார்கள் என்றாள். "நான் வெளியூர் இல்லை, ராமநாதபுரம் ஜில்லா" என்று முனகினேனாம். 2023-ல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரிக்கு, அதாவது 43 செல்சியஸுக்குக் குறையவில்லை. அந்த வருஷம் அந்த மாவட்டத்தில் வெயில் தொடர்பாக இறந்தவர்கள் 645 பேர். இந்தக் கணக்கெல்லாம் நடைப்பயிற்சிக்கு முன்னாலேயே நான் படித்து, பிறருக்கு எடுத்துச் சொன்னவைதான்.

வாடகை வீட்டில் ஏசி இல்லை, தண்ணீர் ஓடும் ஏர்கூலர். கரண்ட் எவ்வளவு மிச்சம் என்று ஜூன் முழுக்கக் கணக்குச் சொன்னேன். ஜூலையில் மழைக்காற்று வந்தது. காற்றில் ஈரம் ஏறியதும் கூலர் குளிர்விப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா ஈரத்தை ஊதியது. அப்போதுதான் கமுதி மாதிரியே வேர்த்தது. சந்தோஷப்பட முடியவில்லை.

ஒரு காரியம் மட்டும் அங்கே ஜோராக நடந்தது. வடகம். காலையில் பிழிந்தால் மதியம் கலகலவென்று காய்ந்துவிடும். வெயில் நன்றாக விழும் இடம் என்று முன்வாசல் சரளைக்கல் மேல் விரித்து வைத்தது என் ஏற்பாடு. வீட்டுக்காரர்கள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. முன்புறத்தில் 'அடையாளம் தெரியாத வெள்ளைப் பொருள்' வைக்கக் கூடாது என்று. பதில் எழுதுவதற்குள் புழுதிக்காற்று அடித்து, அந்தப் பொருளை யாராலும் அடையாளம் காண முடியாதபடி ஆக்கிவிட்டது.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது பின்வாசலில் நின்ற மரம். முள், மெல்லிய இலை, தொங்கும் நெற்று. பார்த்த மாதிரி இருக்கிறதே என்று கிட்டே போனேன். மெஸ்கீட். நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம், ஒரே குடும்பத்துப் பங்காளி. எதை வெட்டச் சொல்லி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் உத்தரவு போட்டதோ, எதன் முள் குத்தி என் பிள்ளைப்பருவமே நொண்டியதோ, அதன் அண்ணன் மகனை இங்கே நிழலுக்கென்று நட்டு, குழாய் வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். பாலைவனத்துப் பூர்வகுடிகளான தோஹோனோ ஓதாம் மக்கள் அதன் நெற்றை இடித்து மாவாக்கிக் காலங்காலமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த மாவு இன்றைக்கும் கடையில் நல்ல விலை. நான் ஒரு பொட்டலம் வாங்கி தோசைமாவில் கலந்தேன். தோசையைப் பற்றி வீட்டில் இன்றுவரை பேசுவதில்லை.

இப்போது சாண்ட்லரில் ஒரு வாடகை அபார்ட்மெண்டில் இருக்கிறோம். ஜன்னலுக்கு வெளியே ஃப்ரீவே இரைகிறது. என் காதுச் சத்தம் கேட்பதில்லை, தூக்கம் வருகிறது. ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். கறிவேப்பிலை விற்கும் கடை அதைவிடப் பக்கம். மாரிகோப்பா ஊரில் இருக்கும் மகா கணபதி கோயிலுக்கு மாலையில் போய்வரலாம். குடிவருமுன் மனைவி குழாயைத் திறந்து, "இது எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். சால்ட் ஆற்றிலிருந்து கொஞ்சம், 336 மைல் கால்வாய் வழியாகக் கொலராடோ ஆற்றிலிருந்து கொஞ்சம், நிலத்தடியிலிருந்து கொஞ்சம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். கொலராடோவில் தண்ணீர் குறைந்துபோய் 2021-ல் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவித்ததையும் சேர்த்துச் சொன்னேன். ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்துவிட்டு, "சரி, சாமானை இறக்குங்க" என்றாள்.

அரிசோனாவில் வீடு பார்க்கக் கிளம்பும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்ச்சில் போகாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஜூலையில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள், பாதி வாடகைக்கே கிடைக்கும்.